வேதாரண்யம் கடலோர மின்பாதைகளைப் பருவமழைக்கு முன் பலப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலோரக் கிராம மக்கள்,
வேதாரண்யம் வட்டம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: குடிநீர், மருத்துவமனை, புயல் காப்பகங்களுக்குச் செல்லும் மின்பாதைகளைப் புயலைத் தாங்கும்படி அமைத்துத் தரக் கோருதல் - தொடர்பாக.

வணக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டதை இந்த மண் மறக்காது. அவ்வளவு பாடுபட்டும், உள்ளடங்கிய ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அடுத்த புயலுக்கும் அவர்களுடைய தோள்களையே நம்பியிருப்பது நியாயமாகாது.

இங்கே மின்சாரம் நின்றால் பின்னாலேயே குடிநீரும் நின்றுவிடும். கடலோர நிலத்தடி நீர் உவர்ப்பு. கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நீரை மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினால்தான் குடங்கள் நிறையும். ஆகவே எல்லா மின்பாதைகளையும் ஒரே நாளில் மாற்றக் கேட்கவில்லை. நீரேற்று நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், புயல் காப்பகம் ஆகிய மூன்றுக்கும் செல்லும் பாதைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

ஒரு கம்பம் சாயும்போது கம்பியின் இழுவையில் அடுத்தடுத்த கம்பங்களும் சாய்கின்றன. குறிப்பிட்ட இடைவெளிகளில் ஸ்டே கம்பி (கம்பத்தைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டிய வலுவான கம்பங்களை நட்டால், சரிவு அவ்விடத்தோடு நிற்கும். உப்புக் காற்றில் வெடித்து உள்ளிரும்பு தெரியும் கான்கிரீட் கம்பங்களைக் கண்டறிந்து மாற்ற வேண்டும். உப்பளங்களை ஒட்டிய பாதைகளில் புயல்கூட வேண்டாம்: மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டரில் படிந்த உப்பின்மேல் பனி இறங்கினாலே மின்சாரம் கசிந்து பாதை துண்டிக்கப்படும். இன்சுலேட்டர்களை மழைக்காலத்துக்கு முன்பே கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கம்பிகளை ஒட்டிய தென்னை மட்டைகளையும் சவுக்குக் கிளைகளையும் கழிக்க நாங்கள் ஒத்துழைப்போம். ஆனால் காய்க்கும் தென்னையை அடியோடு வெட்ட நேர்ந்தால் உரியவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். கஜாவில் தோப்பு முழுவதையும் இழந்தவர்களிடம் மிச்சமிருக்கும் மரத்தை இலவசமாகக் கேட்பது கொடுமை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கடலூர் நகரங்களில் உலக வங்கி நிதியுதவியுடன் புதைவடங்கள் (நிலத்தடி மின்கம்பிகள்) பதிக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. செலவு மிகுந்த அந்த ஏற்பாட்டை ஊரெங்கும் கேட்கவில்லை. நீரேற்று நிலையங்களுக்காவது நீட்டிக்க இயலுமா என ஆராய வேண்டுகிறோம். இயலாத இடங்களில் ஜெனரேட்டரும் போதிய டீசலும் அக்டோபருக்கு முன்பே இருப்பில் இருக்க வேண்டும்.

மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், ஊராட்சிப் பொறுப்பாளர்கள் மூவரையும் செப்டம்பருக்குள் ஒரே கூட்டத்தில் அமர்த்தி, எந்தப் பாதை எப்போது முடியும் என்ற அட்டவணையை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதாரண்யம் வட்டக் கடலோரக் கிராம மக்கள்