எட்டு, பத்து கிலோவுக்காக ஊசி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வருகின்றன. யார் எத்தனை கிலோ இளைத்தார் என்பதுதான் அவற்றில் முன்னால் நிற்கிறது. படிப்பவர்களில் பலரோ வேறு நிலையில் இருப்பவர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைவிட எட்டு, பத்து கிலோ கூடியிருக்கும்; நடக்கவோ படியேறவோ பெரிய சிரமம் இருக்காது. "நானும் போட்டுக்கொள்ளலாமா?" என்று மருத்துவரிடம் கேட்பவர்கள் அவர்கள்தான். அந்தக் கேள்விக்கு எடை மெஷின் காட்டும் எண்ணை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

2021-இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் வாரம் 2.4 மி.கி. செமாகுளூடைடு என்ற எடைக் குறைப்பு ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதம். 2022-இல் வந்த சர்மவுண்ட்-1 ஆய்வில் டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியின் உச்ச அளவான 15 மி.கி., 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைத்தது. எண்களில் சந்தேகமில்லை. யாரிடம் அளந்த எண்கள் என்பதுதான் விட்டுப்போகிறது. இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்தவர்களின் சராசரி எடை சுமார் 105 கிலோ. உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பிஎம்ஐ என்ற எண் சராசரியாகச் சுமார் 38. பிஎம்ஐ 27-க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 27-க்கும் 30-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் போன்று எடையோடு தொடர்புள்ள பிரச்சினை ஒன்றாவது இருந்தால்தான் இடம் கிடைத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2021 ஜூனில் செமாகுளூடைடை எடைக் குறைப்புக்கு அனுமதித்தபோது பெரியவர்களுக்கு வைத்ததும் இதே எல்லைதான்.

ஆகவே முதலில் கணக்கு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ. 165 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ளவருக்கு 27.5 வரும். மிதமான கூடுதல் எடை என்பதற்கு இவரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆசிய மரபினருக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருகின்றன என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே 23, 27.5 ஆகிய எண்களைக் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகக் குறித்தது. அதனால் 27.5 என்பதை 'லேசான எடைதானே' என்று தள்ளிவிட வேண்டாம். அதே சமயம், ஆபத்து எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது ஒரு கேள்வி. இந்த ஊசி எந்த எண்ணுக்கு மேல் சோதிக்கப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பல தவறான முடிவுகள் பிறக்கின்றன.

பிஎம்ஐயைவிட நிறையச் சொல்வது இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டபின், டேப் தோலில் பதியாமல் அளக்க வேண்டும். அளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். நம் உதாரணக்காரருக்கு 82.5 செ.மீ. அதைத் தாண்டினால் கொழுப்பு வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்கிறது என்று சந்தேகிக்கலாம். இத்துடன் ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, கொலஸ்டிரால், கல்லீரல் நொதிகள், தைராய்டு ஆகிய பரிசோதனைகள் கையில் இருக்க வேண்டும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் அவசியம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றில் ஒன்றை மாற்ற முடிந்தால் ஊசிக்கே வேலை இல்லாமல் போகலாம். மாற்ற வேண்டியவர் மருத்துவர். தானாக நிறுத்தக் கூடாது.

முடிவு இந்தப் பரிசோதனைகளைத்தான் சார்ந்திருக்கிறது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால், பிஎம்ஐ 27-ஐ ஒட்டி இருந்தாலும் ஊசிக்கு வலுவான காரணம் இருக்கிறது. 2023-இல் வெளியான செலக்ட் ஆய்வில், 45 வயதைத் தாண்டிய, இதய ரத்தநாள நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர் சேர்ந்தனர். ஏறத்தாழ 40 மாதங்களில் இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கு வந்தன; செமாகுளூடைடு குழுவில் 6.5 சதவீதத்தினருக்கு. எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும் ஒருவர் இந்தப் பலனைத் தனக்கும் உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் அந்த ஆய்வில் இல்லை.

நடுவில் இருப்பவர்கள் சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்கள்; எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. 2002-இல் வெளியான அமெரிக்க சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு இவர்களுக்கானது. 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு பயிற்சி பெற்றவர்களிடம் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம். 75 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்தே கால் கிலோ. மிதமான எடைக்காரருக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இது: உடல்நலத்துக்குத் தேவையான குறைப்பு சிறியது, ஊசி இல்லாமலும் எட்டக்கூடியது. முறையாக ஆறு மாதம் முயன்றும் எடை அசையவில்லை, பரிசோதனை எண்களும் ஏறுகின்றன என்றால், அப்போது ஊசியைப் பற்றிப் பேசுவதில் நியாயம் உண்டு. அப்படிப் போடுபவர் வெட்கப்படவோ தோற்றுவிட்டதாக நினைக்கவோ எதுவுமில்லை.

போடத் தொடங்கும் முன்பே நிறுத்துவதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். உணவுக்குப் பின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடிக்கும் மருந்து செமாகுளூடைடு. இயற்கையான ஹார்மோன் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளூடைடு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். இருக்கும்வரை பசி அடங்கும். போனால் பசி திரும்பும். ஸ்டெப்-1 ஆய்வில் ஊசியை நிறுத்தியபின் ஓராண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நம் உதாரணக்காரருக்கு ஒரு பேச்சுக்கு 15 சதவீதமே குறைவதாக வைத்துக்கொண்டால் 11 கிலோ இறங்கும். நிறுத்தினால் அதில் ஏழு கிலோவுக்கு மேல் ஏறும். குறைந்ததில் ஒரு பகுதி தசை என்பதால் கணக்கு இன்னும் கசக்கிறது. அதே ஆய்வில் உடலை ஸ்கேன் செய்து பார்த்த சிறு குழுவில், இழந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு. திரும்பி வரும் எடையில் அந்தத் தசை தானாக முழுமையாக மீள்வதில்லை. ஒரு விழாவுக்காக நான்கு மாதம் போட்டு நிறுத்துவது இதனால்தான் மோசமான திட்டம். வயது அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை இழப்பு என்பது தடுமாறி விழும் அபாயமும் கூட.

போடுவதென்று முடிவானால் தசையைக் காப்பது முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி அல்லது உடல் எடையையே எதிர்த்துச் செய்யும் பயிற்சி வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் எடுக்க வேண்டும். 75 கிலோ உள்ளவருக்கு 90 கிராம். பசியே இல்லாத நாளில் இதைச் சாப்பிடுவது எளிதல்ல. எனவே ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும்.

டோஸ் ஏற்றுவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். செமாகுளூடைடு வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கும். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என ஏறி, பதினேழாவது வாரத்தில் 2.4-ஐ எட்டும். டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் 2.5 மி.கி. வீதம் ஏறும். தொடக்க டோஸ் எடையைக் குறைப்பதற்காக அல்ல, வயிறு பழகுவதற்காக. "ஒரு மாதமாகியும் ஒன்றும் குறையவில்லை" என்று தாமே டோஸை ஏற்றிக்கொள்பவர்கள்தான் வாந்தியோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஒழுங்காக ஏற்றிய ஸ்டெப்-1 ஆய்விலேயே 44 சதவீதத்தினருக்குக் குமட்டல் இருந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கலும் உண்டு. பெரும்பாலும் டோஸ் ஏறும் வாரங்களில் வந்து பிறகு தணியும். தணியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் அதே டோஸில் இன்னும் நான்கு வாரம் இருக்கலாம். உச்ச டோஸை எட்டியே ஆக வேண்டும் என்றில்லை. குறைந்த டோஸிலேயே போதுமான எடை குறைகிறது என்றால் அங்கேயே நிற்பதை மருத்துவரோடு பேசலாம். சிறிய அளவாக, மெதுவாக, வயிறு நிறைவதற்கு முன்பே நிறுத்திச் சாப்பிட வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவு குமட்டலைக் கூட்டும், ஏனென்றால் இரைப்பை காலியாவதை மருந்து ஏற்கெனவே தாமதப்படுத்தியிருக்கிறது. வாந்தியும் பேதியும் சேர்ந்து நீரிழப்பானால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

வயிறு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில் வாரம் ஒருநாள், தோலுக்கு அடியில், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரு டோஸ் தவறினால் செமாகுளூடைடு என்றால் ஐந்து நாளுக்குள், டிர்செபடைடு என்றால் நான்கு நாளுக்குள் போடலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு வார டோஸைச் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய உயர் டோஸுக்கே திரும்பாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும், வயிற்றின் பழக்கம் போயிருக்கும். மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்து உருகினாலும் பயன்படாது.

குப்பியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடும் வகை கூடுதல் ஆபத்தானது. ஒரு மில்லிலிட்டரில் 5 மி.கி. மருந்து உள்ள குப்பியில் 0.25 மி.கி. என்பது 0.05 மில்லிலிட்டர், நூறு யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட் கோடு. 50 யூனிட் வரை இழுத்தால் பத்து மடங்கு. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் குழப்பிக்கொண்டு ஐந்து முதல் இருபது மடங்கு வரை போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எஃப்டிஏ 2024-இல் எச்சரித்தது. போட்டுவிட்ட மருந்தை உடலிலிருந்து எடுக்க வழியில்லை. பல நாள் கண்காணிப்பு தேவைப்படும். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் செமாகுளூடைடின் வணிகப் பெயர்களில் ஒன்றான ஓசெம்பிக்கின் போலிகள் குறித்தும் எச்சரித்தது. மருத்துவரின் சீட்டைக் கேட்காமல் விற்கும் இடத்தில் இந்த மருந்தை வாங்கவே கூடாது.

தனக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும், எம்இஎன்-2 என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களும் இந்த ஊசிகளைப் போடக் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள், உணவுக் கோளாறு உள்ளவர்கள், இரைப்பை இயக்கம் மந்தமானவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கருத்தரிக்க நினைப்பவர்கள் செமாகுளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், தொடங்கியதும் ஒவ்வொரு முறை டோஸ் ஏறியதும் நான்கு வாரம் வேறு தடுப்பும் தேவை. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அவற்றின் அளவை முன்பே திருத்த வேண்டும். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோப்பியோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கக் கூடாது, வயிற்றில் தங்கிய உணவு நுரையீரலுக்குள் போகலாம்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி கணையத்தின் அறிகுறியாக இருக்கலாம். வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை என்றால் பித்தப்பை. வேகமாக இளைப்பதே பித்தக்கல்லுக்கு ஒரு காரணம். மிக அரிதாக, திடீரெனப் பார்வை மங்கலாம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரும் நோயாளியும் முதல் ஊசிக்கு முன் தாளில் எழுதிவைக்க வேண்டியவை சில உண்டு. எந்தப் பரிசோதனை எண்ணை மாற்றுவதற்காகப் போடுகிறோம்? ஆறு மாதத்தில் 5 சதவீதம்கூடக் குறையாவிட்டால் தொடர்வதா? இலக்கை எட்டியபின் எந்த டோஸில், எத்தனை ஆண்டு? முதல் கேள்விக்கு எழுத எண் எதுவும் இல்லையென்றால், அந்த நபருக்கு இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தனை சதவீதம் எடை குறைந்தது என்று செய்தி வரும்போது, ஆய்வில் சேர்ந்தவர்களின் தொடக்க எடை என்ன, ஊசியை நிறுத்தியபின் என்ன ஆனது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உட்சுரப்பியல் துறை மருத்துவர்