பயந்து எங்கே ஓடுகிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "அந்தத் தவறைச் செய்த நாளிலிருந்து முழங்காற்படியிடவே பயமாக இருக்கிறது அக்கா. இதைத்தானே தேவபயம் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். இதை அல்ல. தோட்டத்து மரங்களுக்குள் பதுங்கிய ஆதாம், "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்றானே, அந்தப் பயம் இது.

எனக்கும் அது பழக்கம்தான். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு, மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். உனக்கு அப்போது இரண்டு வயது. பேனாவை எடுப்பதற்கு முன்னால், எதிரே தொங்கிய வசன நாட்காட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். சிரிக்காதே. மறுபடி திருப்ப மறந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. நான் போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே தம் கையெழுத்தைப் போட்டு, மை காயும்வரை ஊதிவிட்டு, அட்டையை என் கையில் தந்தார். அதுவரை அவரிடம் எனக்கு இருந்த பயமெல்லாம் முதுகுத் தோலைப் பற்றியது. அன்றைக்கு வந்தது வேறு. நாலு அடி விழுந்திருந்தால் கணக்கு நேராகிவிட்டது என்று அடுத்த தேர்விலும் துணிந்திருப்பேன்.

130-ஆம் சங்கீதத்தின் 4-ஆம் வசனம் எனக்குப் பல வருடங்கள் அச்சுப்பிழை போலத்தான் தெரிந்தது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிப்பு கிடைத்தால் பயம் போகத்தானே வேண்டும்? மை காயும்வரை ஊதிய அந்த முகத்தை நினைத்துக்கொண்டு வாசித்த ஒரு நாள்தான் வசனம் பிடிபட்டது.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதியிருப்பதையும் கேட்டிருந்தாய். அந்த நிருபத்தைப் பிரசங்கித்தபோது ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்தீன் இரண்டு மனைவிகளை உதாரணமாகக் காட்டினார். துரோகம் செய்கிறவள், கணவன் வந்துவிடுவானோ என்று நடுங்குகிறாள். உண்மையுள்ளவள், அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். அன்பு வெளியே தள்ளுவது முதல் பயத்தை. இரண்டாவது, அன்பு வளர வளரக் கூடவே வளரும். சபைச் சீர்திருத்தவாதி லுத்தர் 1529-இல் எழுதிய விசுவாசப் பாடநூலான சிறிய ஞானோபதேசத்திலும் பத்துக் கட்டளைகளின் விளக்கம் "தேவனுக்குப் பயந்து, அவரை நேசிக்க வேண்டும்" என்றுதான் திரும்பத் திரும்பத் தொடங்குகிறது. பயபக்தி என்று ஒரே சொல்லாகவே வைத்திருக்கிறவர்கள் நாம். நமக்கு இது புதிதல்ல.

அதற்காக, பயம் என்றால் வெறும் மரியாதைதான் என்று மழுப்பவும் எனக்கு மனமில்லை. அப்படி மழுப்பும் பிரசங்கங்களைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. ஜீவனுள்ள தேவனுடைய கைகளில் விழுவது பயங்கரம் என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. அது கிறிஸ்துவை அறிந்தவர்களுக்கு எழுதப்பட்டது. மாற்கு 4-ஆம் அதிகாரத்துப் படகைப் பார். புயலில் செத்துப்போவோம் என்று சீஷர்கள் அலறினார்கள். இயேசு அதட்ட, காற்று அடங்கி, தண்ணீர் அமைதியான பிறகுதான் "மிகவும் பயந்து" என்று வருகிறது. ஆபத்து போய்விட்டது, பயம் கூடிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் படகிலிருந்து யாரும் குதிக்கவில்லை.

இன்னொன்று. மனசாட்சிக்குப் பயந்தவர் என்று ஒருவரைச் சொல்கிறோம். அவர் மனசாட்சியைக் கண்டு ஓடுகிறவரா? தேவபயமும் நடையில்தான் தெரியும். லேவியராகமம் 19:14-ஐ எடுத்துப் பார்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திரு." வைதது ஒருவனுக்குக் கேட்காது, கல்லை வைத்த கை மற்றவனுக்குத் தெரியாது. மாட்டிக்கொள்ள வழியே இல்லாத அந்த இடத்தில்தான் இந்தச் சொல் வருகிறது.

அந்தப் பயம் வந்தவர்களுக்கு மற்றப் பயங்கள் சிறுத்துப்போகின்றன. எபிரெயரின் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொன்னான் எகிப்தின் ராஜாவான பார்வோன். மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்ததால் பிள்ளைகளைப் பிழைக்கவிட்டார்கள். யாத்திராகமம் அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சொல்கிறது, பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை.

நீ செய்தது என்ன என்று எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. அதில் யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால், முதலில் அவரிடம் போய்ச் சொல். இன்று இரவு ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் அந்த 130-ஆம் சங்கீதத்தையே சத்தமாக வாசி. எட்டே வசனங்கள்தான். நானும் அதே நேரத்தில் இங்கே வாசிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா