முதியோரின் வயிற்று வலி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். குடல்வால் அழற்சி (குடலோடு ஒட்டிய வால் போன்ற சிறு பகுதியான அப்பெண்டிக்ஸ் வீங்குவது) குறித்து உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

அப்பெண்டிக்ஸ் என்றால் இளவயதினருக்கு வருவது என்றே நம் வீடுகளில் நினைக்கிறார்கள். எண்ணிக்கையில் அது சரிதான். ஆனால் குடல்வால் கிழிந்து, சீழ் வயிற்றுக்குள் பரவிய நிலையில் வந்து சேரும் பெரியவர்கள் யார்? அறுபதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலியோடு இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தவர்கள். இவர்கள்தான் அதில் அதிகம்.

இளைஞர்களிடம் இந்த நோய் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போகும், குமட்டும், காய்ச்சல் வரும். முதியவர்களிடம் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. வலி லேசாகவே இருக்கலாம். காய்ச்சல் இல்லாமல் போகலாம். வயிற்றுத் தசை மெலிந்திருப்பதால் அழுத்திப் பார்த்தாலும் இறுக்கம் சரியாகத் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள்கூட ஏறாமல் இருக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டிருந்தால் வலியே மழுங்கிப்போகிறது.

அதனால் வீட்டில் அது 'வாயு' ஆகிவிடுகிறது. முதலில் ஓமத் தண்ணீர், பிறகு மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்களும், குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிடுபவர்களும் உண்டு. வீங்கிய குடல்வாலுக்குப் பேதி மருந்தும் நீவலும் ஆபத்தானவை. என்னை மிகவும் வதைப்பது இதற்குப் பின் நடப்பது. குடல்வால் கிழிந்ததும் சிலருக்கு வலி சட்டென்று குறையும். 'அப்பாடா, சரியாகிவிட்டது' என்று குடும்பமே மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கிறது.

விரைந்து வந்தும் கிழிந்துபோனவர்கள் உண்டு; எல்லாவற்றுக்கும் தாமதத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். ஆனாலும் வலி தொடங்கி ஒரு நாள், ஒன்றரை நாள் கடந்தால் அபாயம் ஏறுகிறது. கிழியாத குடல்வாலை எடுத்தவர் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புவார். கிழிந்தவருக்குச் சீழ் வடியக் குழாய், நாள்கணக்கில் நரம்பு வழி மருந்து, சிலருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு.

வசதியின்மையும் இதில் சேர்கிறது. கலிஃபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பீடு இல்லாதவர்களுக்குக் குடல்வால் கிழியும் வாய்ப்பு ஒருவகைத் தனியார் காப்பீடு பெற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கண்டது. நம்மிடம் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இங்கே தடுப்பது ஒரு நாள் கூலி, துணைக்கு வர ஆளில்லாமை, போய்விட்ட கடைசி பஸ். 108 ஆம்புலன்ஸை விபத்துக்கும் நெஞ்சு வலிக்கும் அழைப்பவர்கள்கூட வயிற்று வலிக்கு அழைக்கத் தயங்குகிறார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். யாருடைய குடல்வால் சத்தமில்லாமல் கிழியக்கூடுமோ, அவர்களில் பலருடைய பெயரும் முகவரியும் ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன! அந்தத் தன்னார்வலர்களின் பயிற்சியில் வயிற்று வலிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 'வயிறு எப்படி இருக்கிறது, வலி எப்போது தொடங்கியது, சாப்பிட முடிகிறதா' என்று அவர்கள் கேட்கட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் கேஸ் மாத்திரைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும். முதியவரோ சர்க்கரை நோயாளியோ புதிய வயிற்று வலியோடு வந்தால், அன்று மாலையோ மறுநாள் காலையோ மீண்டும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. ஐயம் நீடித்தால் ஸ்கேனும் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸிலேயே அனுப்ப வேண்டும். தன்னார்வலர்களின் அடுத்த பயிற்சிச் சுற்றிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்