இந்த முறை தென்கரையால்

அண்ணா,

நேற்று இரவு கூடாரம் போட இடங்களைப் பதிந்துவிட்டேன். செப்டம்பர் கடைசி வாரம், கியூபெக்கின் கிழக்குக் கோடியில் காஸ்பேசி. இரண்டு பேருக்கு.

போனில் சொன்னால் "பாப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அக்கா வாசிப்பா, பிள்ளைகளும் வாசிப்பார்கள். ஆகவே சில விஷயங்களைத் தொடப்போவதில்லை.

முதலில் ஒன்று. 2019இல் நீங்கள் போட்ட திட்டம் பிழை. நீண்ட வாரஇறுதி என்று ஒக்டோபர் நடுப்பகுதியைப் பிடித்தீர்கள். ஜாக் கார்த்தியே மலைப் பாதையைச் செப்டம்பர் முடிய மூடிவிடுகிறார்கள், அங்கே மிஞ்சியிருக்கும் கரிபு மான்களுக்காக. பொனவெந்தூர் தீவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூடும் கானெட் பறவைகளும் ஒக்டோபரில் தெற்கே கிளம்பிவிடும். நாம் அன்று திரும்பாமல் போயிருந்தாலும் பெர்சேயில் அந்த ஓட்டைப் பாறையைப் பார்த்துவிட்டு வந்திருப்போம், அவ்வளவுதான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது.

சரி. அன்று நாம் ஏறிய அந்தப் பாதைக்கு, கார் ஏற்றும் படகுக்கு, வருகிறேன்.

சாகனே ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம், காசும் இல்லை என்றதும் "எங்கட காரைநகர்ப் பாதை மாதிரி" என்றீர்கள். பிறகு காரைவிட்டு இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போதுதான் என் போன் அடித்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தின் முதுகு எழும்பி அமிழ்ந்தது. "பெலூகா! டேய், பெலூகா!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்ற கிழவியிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னீர்கள், அவவும் சிரித்தா. அந்த வருடம் முழுக்க நீங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று இங்கே எழுதமாட்டேன்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அக்கரையில் தடுசாக்கில் இறங்கி, அந்த முனைப் பாறைகளைச் சுற்றி நடந்தோம். கடலடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது, இரையும் அதோடு வருகிறது, அதுதான் திமிங்கிலங்கள் இங்கே கூடுகின்றன என்று விளக்கிக்கொண்டே போனீர்கள். நான் "ஓம், ஓம்" என்றேன். இரண்டு மணி நேரம். பிறகு சொன்னேன்.

ரொறன்ரோவுக்கு ஆயிரம் கிலோமீற்றர். நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கணக்கை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் சொன்னீர்கள், செத்தவீட்டில், எல்லாருக்கும் முன்னால்.

பிழை என்னுடையதுதான். ஆனால் போனில் எனக்குச் சொல்லப்பட்டது "அவசரமில்லை, விடிய வெளிக்கிட்டாலும் காணும்" என்பது. (அக்கா, உங்கள்மேல் பழிபோடவில்லை. டொக்டர் உங்களுக்குச் சொன்னதைத்தானே நீங்கள் சொன்னீர்கள்.) மன்னிப்புக் கேட்க வந்து நியாயம் கதைக்கிறேன், தெரிகிறது. ஆனால் அப்பாவின் அறிக்கை உங்கள் மேசை லாச்சிக்குள் எட்டு மாதம் கிடந்ததே? என் இரண்டு மணி நேரம் மட்டும்தானா கணக்கு?

இதை அழிக்கத்தான் நினைத்தேன். இருக்கட்டும்.

இந்த முறை தடுசாக் வேண்டாம். சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையால் ரிவியேர்-டு-லூ தாண்டிப் போய் 132ஆம் நெடுஞ்சாலையைப் பிடிப்போம். பொழுதுபட்ட பிறகு ஓடக்கூடாது, றோட்டில் மூஸ் மான் நிற்கும். இரவில் பூச்சியப் பாகைக்கும் இறங்கலாம், தடித்த நித்திரைப்பை வேண்டும். என் பிரெஞ்சு றோட்டில் 'நில்' என்று சொல்லும் "ஆறெ" பலகையோடு நின்றுவிடுகிறது. அங்கே அது காணாது.

கடைசி இரண்டு இரவும் ஃபொரியோன் பூங்கா. 1970இல் அதை அமைக்க அங்கிருந்த குடும்பங்களை வீடுகளிலிருந்து எழுப்பிவிட்டார்கள். கனடா நாடாளுமன்றம் 2011இல்தான் மன்னிப்புக் கேட்டது. சில வீடுகளை மட்டும் இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்களாம். 1990இல் எங்கள் ஊர் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. நான் அம்மாவின் இடுப்பில். எனக்கு அந்த வீடு ஞாபகமே இல்லை, நீங்கள் சொன்ன கிணறும் மாதுளையும்தான் தெரியும். ஃபொரியோன் வீடுகளுக்கு முன்னால் தனியாக நிற்க எனக்கு விருப்பமில்லை.

நாடாளுமன்றத்துக்கு 41 வருடம் எடுத்தது. நான் ஆறாவது திவசத்துக்குள்ளேயே கேட்கிறேன்.

பச்சைக் கூடாரம் உங்கள் கராஜில் கிடக்கிறது. வராவிட்டாலும் அதைத் தந்துவிடுங்கள். ஒரு கம்பி வளைந்திருக்கும். கடையில் அப்படியே தந்தார்கள் என்று சொன்னேனே, பொய். நான்தான் வளைத்தேன்.