மாங்கூழ் டின்னில் என்ன மருந்து கலக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் ஓய்ந்த பிறகும் எங்களிடம் டின் வாங்கிப் போகும் ஜூஸ் கடைக்காரர்களும் கல்யாண சமையல்காரர்களும் கேட்பது ஒன்றுதான்: "ஒண்ணரை வருஷம் கெடாம இருக்குதே, என்ன மருந்து போடறீங்க?"

ஒன்றும் போடுவதில்லை. சூடும், காற்றுப் புகாத மூடியும்தான்.

இதில் காற்றை அடைக்கிற பாதி நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததே. கேழ்வரகை நிலத்தடிக் குழியில் கொட்டி வாயை மண்ணால் பூசிவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். தானியமே மூச்சுவிட்டு உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும், வண்டு பிழைக்காது. (மனிதனும் பிழைக்க மாட்டான், குழியைத் திறந்த உடனே யாரையும் இறங்க விடாதது அதனால்தான்.) ஆனால் ஈரப்பழத்துக்கு இது உதவாது. காயை உப்பில் போடலாம், வத்தல் போடலாம். கனிந்த பெங்களூரா மாம்பழத்தின் கூழை அப்படியே வைக்க வழியில்லாமல் இருந்தது.

வழி பிரான்சில் பிறந்தது. படைக்குக் கெடாத உணவு தேடிய அரசுக்கு, நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, கார்க்கை இறுக்கி, கொதிநீரில் வைத்துக் காட்டினார். 1810-ல் 12,000 பிராங்க் பரிசு. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அதைத் திறக்க நாற்பது வருடத்துக்கும் மேல் உளியும் சுத்தியலும்தான்! காற்று போனதால்தான் கெடவில்லை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். சூட்டில் கிருமி சாவதுதான் காரணம் என்பது 1860-களில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்ன பிறகே விளங்கியது.

மாங்கூழுக்கு இன்னொரு சாதகம் அதன் புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் பொட்டுலினம் என்ற கொடிய கிருமி வளராது. கொதிநீர்ச் சூடே போதும். காய்கறி, பருப்பு, கறிக்கு அது போதாது. அழுத்தத்தில் 121 டிகிரி வரை ஏற்ற வேண்டும். எங்களைப் பார்த்து வீட்டில் அவற்றைப் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள்.

டின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிற மாதிரி. பழைய டப்பாக்களைக் காரீயம் கலந்து பற்றவைத்தார்கள். காரீயம் நச்சு, அதனால் எங்கள் டின்னின் மூட்டு வெல்டிங். விலை குறையுமென்று பிளாஸ்டிக் கவரில் கேட்கிறீர்கள். சாதாரணக் கவருக்குள் காற்று மெல்ல நுழையும், கூழ் கறுக்கும். ஆகவே தரமாட்டோம்.

டின்னைத் திறந்தால் மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்போடு காற்றும் சேர்ந்தால் உள்பூச்சு கரையும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பியிருந்தால் உள்ளே கிருமி வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். திறக்காமல் கொண்டுவந்து கொடுங்கள், வேறு டின் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாங்கூழ் ஆலையார்,
கிருஷ்ணகிரி