ஷார்ட் லெக்கில் நிற்கும் சிறுவன்

ஆசிரியருக்கு,

வைபவ் சூர்யவன்ஷி 14 வயதில் ஐ.பி.எல்.லில் 35 பந்தில் சதம் அடித்ததிலிருந்து எங்கள் தெருப் பெற்றோருக்குத் தூக்கம் போய்விட்டது. "ஸ்கூல் டீம்லயே எத்தனை நாள், லீக்குல சேர்த்து விடுங்க" என்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். என் மகனுக்குப் பதினான்கு வயது. சென்னை லீக்கின் கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்பில் சேர்ந்து ஒரு சீசன் ஆகிறது. சேர்ந்தபோது டீமில் அவனுக்கு அடுத்த இளையவருக்கு வயது இருபத்து மூன்று.

முதல் மேட்ச்சிலேயே ஷார்ட் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் நிற்கும் ஃபீல்டிங் இடத்தில், நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டால் கேப்டன் சிரித்தார். "ஜூனியர்தான் மேடம் அங்க நிக்கணும், நாங்களும் அப்படித்தான் வந்தோம்." கிளப்பில் இருந்த ஒரே ஹெல்மெட் பெரியவர்கள் சைஸ். ஒவ்வொரு பந்துக்கும் அதை இடது கையால் தூக்கிவிட்டுக்கொண்டே நின்றான். அன்று இரவு அவன் தொடையைப் பார்த்தேன். பந்தின் தையல் வரி வரியாகப் பதிந்திருந்தது.

ராமன் லம்பா இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் மேட்ச்சில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்றபோது தலையில் பந்து பட்டு, சில நாளில் இறந்துபோனார். அவருக்கு 38 வயது. என் மகன் ஒன்பதாம் வகுப்பு.

இங்கிலாந்தில் இதற்கு விதியே உண்டு. 15 வயதுப் பிரிவு வரையிலான பிள்ளைகள், ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் தவிர, நடு ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள் நிற்கக் கூடாது. 13 வரை என்றால் 11 கஜம். மீறி நின்றால் அம்பயர் ஆட்டத்தையே நிறுத்தவேண்டும். பெரியவர்கள் மேட்ச்சிலும் இதேதான். இங்கேயும் அப்படி ஏதாவது இருந்தால், எங்கள் மைதானத்துக்கு அது வந்து சேரவில்லை.

ஆட்டத்தையாவது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். மற்றதை எப்படிப் பார்ப்பது? டீம் வாட்ஸ்அப் குரூப்பில் இரவு பதினொன்றரைக்கு வந்த வீடியோவைப் பற்றி இங்கே எழுத முடியாது. அனுப்பியவரைக் கேட்டபோது உண்மையிலேயே வெட்கப்பட்டார். கெட்டவர் இல்லை. குரூப்பில் ஒரு சிறுவன் இருப்பது அவர் நினைப்பிலேயே இல்லை. எல்லோரும் அவரைப் போலவே இருப்பார்கள் என்று நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியுமா? சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது. தெரிந்தும் புகார் செய்யாதவருக்குக்கூடத் தண்டனை உண்டு. பையனுக்கு ஏதாவது என்றால் கிளப்பில் யாரிடம் சொல்வது என்று செயலாளரைக் கேட்டேன். "எங்கிட்டயே சொல்லுங்க" என்றார். டீமில் எடுப்பதும் உட்கார வைப்பதும் அவர்தான். அவரிடம் எந்தப் பையன் வாய் திறப்பான்?

மகனை நிறுத்தப்போவதில்லை. பெரியவர்களோடு ஆடித்தான் அவன் பேட்டிங் தேறியிருக்கிறது. சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு கிளப்பும் 18 வயது நிரம்பாதவர்களின் பட்டியலையும், டீம் தேர்வில் சம்பந்தமில்லாத ஒருவரின் பெயரையும் லீக்கை நடத்தும் சங்கத்திடம் கொடுக்கட்டும். அந்தப் பட்டியல் மேட்ச் அன்று அம்பயர் கையில் இருக்கட்டும். உலக கிரிக்கெட்டை நடத்தும் ஐ.சி.சி.யே 2020இல் சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தது 15 வயது என்று வரம்பு வைத்ததே!

போன மாதம் பையன்கள் சைஸில் ஒரு ஹெல்மெட்டை நானே வாங்கி கிளப்புக்குக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு ஷார்ட் லெக்கில் நின்றவன் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன். அவனுக்குப் பதின்மூன்று.

ஓர் அம்மா,
குரோம்பேட்டை, சென்னை.