சுடோகுவை மூடிவிட்டுக் காதைக் காட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்கு மறதி காரணமில்லை, வெறும் சோம்பல்தான்.

அண்ணனுக்கு டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கும் திறனும் போகிற மறதி நோய்) என்று டாக்டர் சொன்னதிலிருந்து உன் ஒவ்வொரு சின்ன மறதிக்கும் நீ கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய் போல. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வரவில்லை, ராத்திரி படுக்கும்போது தானாக வந்தது என்கிறாய். எனக்கும் அப்படித்தான், வயசானால் அது சகஜம். தினமும் போன வழியிலேயே திசை தப்புவது, சொன்னதையே அரைமணியில் நாலு தடவை சொல்வது, கைவந்த வரவு செலவுக் கணக்கு குழம்புவது என்று ஆரம்பித்தால்தான் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எதற்கும் ரத்தத்தில் பி12, தைராய்டு பார்த்துவிடு, அதில் கோளாறு இருந்தாலும் புத்தி மந்தமாகும், மருந்தில் சரியாகக் கூடியது.

ஞாபக சக்தி மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். குறைபாடு ஏதும் இல்லாதவர்கள் டிமென்ஷியாவைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, மீன் எண்ணெய் எல்லாம் சாப்பிடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. சுடோகு போடு, தப்பில்லை, ஆனால் அதைப் போட்டுப் போட்டு சுடோகுவில்தான் கெட்டிக்காரன் ஆவாய்.

நான் சொல்ல வந்தது உன் காதைப் பற்றி. கோபப்படாதே. போன மாதம் போனில் பேத்திக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டேன், இங்கே மழையே இல்லை என்றாய்!

லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சின்ன வயசிலிருந்தே சரிசெய்தால், உலகத்தில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று அதில் இருக்கிறது. பி.பி., சுகர், புகை, தனிமை எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் பட்டியலில் பெரிய பங்கு இரண்டுக்கு, ஒன்று கெட்ட கொலஸ்ட்ரால், இன்னொன்று காது கேட்காமல் போவது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் புரிகிறது, அரைகுறையாக விழுகிற சத்தத்தைச் சொல்லாக்கவே மூளைக்கு நேரம் சரியாகிவிட்டால், கேட்டதை மனசில் வைத்துக்கொள்ள எங்கே தெம்பு மிச்சம் இருக்கும்? அப்புறம், கேட்கவில்லை என்று கூச்சப்பட்டு நாலு பேர் பேசுகிற இடத்துக்குப் போவதையே விட்டுவிடுகிறோம். நீ விட்டுவிட்டாய்.

காதுக்குக் கேட்கும் கருவி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 வயசு தாண்டிய கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்து மூன்று வருஷம் பார்த்தார்கள், மொத்தமாக எடுத்தால் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் பி.பி., சுகர் மாதிரி ஆபத்துகள் கூடுதலாக இருந்தவர்களுக்கு மட்டும், கருவி மாட்டியதில் யோசிக்கும் திறன் சரிவது பாதியளவுக்குக் குறைந்தது. உனக்கு பி.பி. இருபது வருஷமாக இருக்கிறது. மேல் எண் 130க்குள் இருக்கட்டும், மாத்திரையை நீயாக நிறுத்தாதே, போன தடவை செய்த மாதிரி.

நானும் இரண்டு வருஷம் அடம் பிடித்தவன்தான். எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று ஊரையே குறை சொன்னேன், கடைசியில் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். முதல் இரண்டு வாரம் நரகம், பேப்பரை மடித்தால் இடி இடிக்கிறது, என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிறது. கழற்றி டிராயரில் போட்டேன், மகள் சத்தம் போட்டாள் (அது நன்றாகவே கேட்டது), மறுபடி மாட்டினேன். இப்போது பழகிவிட்டது.

இந்த மாதத்துக்குள் போய்ச் சோதித்துக்கொண்டு வா. அடுத்த முறை போன் பண்ணும்போது பரீட்சை பற்றித்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்